விதிநூலோடு எந்த உலகத்தைச் சேர்த்துத் தருவது?

வைகறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர்கள் நால்வரும் 6 ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடி வருகிறோம். பேச்சு முழுவதும் தமிழில்தான் நடக்கிறது. விதிகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நடுவில் நிறுத்தி மொழிபெயர்த்துச் சொல்வது அலுத்துப்போனதால், பகடைக் கணக்கைச் சுருக்கித் தமிழிலேயே ஒரு சிறிய விதிநூல் எழுதத் தொடங்கினேன். பாத்திரம் அமைத்தல், சண்டை, மந்திரம், பயணம் என 48 பக்கங்கள் முடிந்துவிட்டன. இலவசமாக இணையத்தில் வைக்கலாம் என்று எண்ணம்.

நான் தடுமாறி நிற்பது, இந்த விதிகளோடு எந்த உலகத்தைச் சேர்த்துக் கொடுப்பது என்பதில்தான். டீஃபால்ட் செட்டிங் என்கிறார்களே, அதைச் சொல்கிறேன்: ஆடுபவர்கள் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளாத வரையில் ஆட்டம் நிகழும் உலகம். இங்கே அதை 'உடன்வரும் உலகம்' என்று குறிப்பிடுகிறேன்.

முதலில் முழு உலகத்தையே எழுதிப் பார்த்தேன். 7 அரசுகள், 3,000 ஆண்டு வரலாறு, அரச மரபுகளின் பட்டியல் என்று 30 பக்கங்கள் வந்தன. அச்சடித்து ஆளுக்கொரு படி கொடுத்தேன். ஒருவர் மட்டும் பாதி வரை படித்தார். மூன்றாவது வாரம், பாத்திரங்கள் மழையில் நனைந்தபடி ஓர் ஆற்றங்கரை ஊருக்குள் நுழைந்தபோது, திருடனை ஆடும் நண்பர், "இந்த ஊரில் இரவு தங்க இடம் உண்டா? யாரைக் கேட்பது?" என்றார். நான் 30 பக்கங்களையும் புரட்டினேன். அந்த ஊரை நிறுவிய அரசனின் பாட்டன் பெயர் இருந்தது, சத்திரம் இல்லை.

அதன்பின் அதைத் தூக்கி வைத்துவிட்டு, ஐந்திணையை எடுத்துக்கொண்டு, நிலத்துக்கொரு தெய்வம், பறவை, மரம், பறை, தொழில் என்று அழகான அட்டவணை ஒன்று அமைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, "சரி, இங்கே நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்கள்.

உலகமே இல்லாமல் விதிகளை மட்டும் வெளியிடுவதா, ஏற்கெனவே இருக்கும் ஓர் உலகத்தைப் பயன்படுத்துவதா, சிறிதாக ஒன்றைப் புதிதாக எழுதுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

இருபதுமுகம் எழுதியது:

உலகமே இல்லாமல் வெளியிடுவது என்பது உங்களால் முடியாத காரியம், நண்பரே. அந்த 48 பக்கங்களுக்குள் ஓர் உலகம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் ஆடிவரும் ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் 2014-ஆம் ஆண்டு விதிநூலில் நீள்வாள் ஒன்றின் விலை 15 பொன். தேர்ச்சி இல்லாத கூலியாளுக்கு ஒரு நாள் கூலி 2 வெள்ளி. 10 வெள்ளி சேர்ந்தால் ஒரு பொன். அப்படியானால் ஒரு கூலியாள் உண்ணாமல் உடுக்காமல் 75 நாள் உழைத்தால்தான் ஒரு வாள் வாங்க முடியும். முழுக் கவசமோ 1,500 பொன். அது 7,500 நாள் கூலி, ஏறத்தாழ 20 ஆண்டு உழைப்பு. வாள் ஏந்தியவன் யார், அவனைக் கண்டு வழிவிட்டு நிற்பவன் யார் என்பதை இந்த விலைப்பட்டியலே சொல்லிவிடுகிறது. இதற்கு மேல் நிலப்பிரபுக்களைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதத் தேவையில்லை.

அடுத்து, சாவு. ஐந்தாம் நிலை எட்டிய ஒரு கிளெரிக், அதாவது தெய்வத்தின் பேரால் மந்திரம் ஓதும் பூசாரிப் பாத்திரம், செத்து ஒரு நிமிடம் ஆகாதவரை 300 பொன் மதிப்புள்ள வைரம் ஒன்றைச் செலவிட்டு எழுப்பிவிடலாம். இன்னும் உயர்ந்தவர் 500 பொன் வைரத்தைக் கொண்டு, இறந்து 10 நாள் ஆகாதவரையும் எழுப்புவார். இந்த இரண்டு வரிகளை உண்மையாக எடுத்துக்கொண்டால், வைரச் சுரங்கம் வைத்திருப்பவன் கையில் உயிரும் சாவும் இருக்கின்றன. அரசனைக் கொல்ல நினைப்பவன் உடலையும் மறைத்தாக வேண்டும். வாரிசுச் சண்டைகள் 11-ஆம் நாள்தான் தொடங்கும். நம்மில் பெரும்பாலோர் இந்த விதிகளைப் போர்க்கள மருந்தாக மட்டும் பயன்படுத்திவிட்டு, உலகத்தை எங்கோ படித்த ஐரோப்பிய இடைக்காலத்திலிருந்து கடன் வாங்கிவிடுகிறோம். அதனால்தான் விதிகள் ஒரு பக்கமும் உலகம் ஒரு பக்கமும் இழுக்கின்றன.

பெயர்களும் அப்படித்தான். மோர்டன்கைனன், பிக்பி, டென்சர் என்று மந்திரப் பெயர்களின் முன்னால் நிற்கும் மூவரும், இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் வீட்டு ஆட்டம் நிகழ்ந்த கிரேஹாக் என்ற உலகத்தின் பாத்திரங்கள். டென்சர் அவருடைய மகன் ஆடிய பாத்திரம். அந்த உலகத்தைப் பற்றி ஒரு வரியும் படிக்காதவர்கூட 'டென்சரின் மிதக்கும் தட்டு' என்று படிக்கும்போது, மந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது நூல்களில் பதிவாகிப் பரவுகிறது என்பதைத் தெரிந்துகொள்கிறார். பிறருக்குத் திறந்துவிடப்பட்ட விதி ஆவணத்தில் அந்தப் பெயரை நீக்கி வெறும் 'மிதக்கும் தட்டு' என்று ஆக்கினார்கள். மந்திரம் அதேதான், ஆனால் யாரோ ஒருவர் வாழ்ந்த வீடு காலியாகிவிட்டது போல இருக்கிறது.

என் யோசனை இதுதான். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உங்கள் 48 பக்கங்களையும் மீண்டும் படியுங்கள். உலகத்தைப் பற்றி ஏதேனும் ஒன்றை மறைமுகமாகச் சொல்லும் ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் ஒரு கோடு போடுங்கள். யார் மந்திரம் கற்கலாம்? கற்பிப்பவர் யார், கூலி என்ன? காயம் ஆற எத்தனை நாள்? இரும்பு எவ்வளவு விலை? கோடு போட்ட இடங்களைத் தொகுத்தால் உடன்வரும் உலகத்தில் பாதி கிடைத்துவிடும். மீதியை எழுதும்போது, அந்தப் பாதியோடு முரண்படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

---

பழைய பெட்டி எழுதியது:

மேலே இருபதுமுகம் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவு பற்றி அவர் பேசவில்லை. உங்கள் துன்பமோ அளவில்தான் தொடங்கியிருக்கிறது.

இந்த விளையாட்டின் முதல் உலகங்கள் எதுவும் உலகமாகத் திட்டமிடப்பட்டவை அல்ல. 1974-இல் வெளியான முதல் விளையாட்டுப் பெட்டிக்கு முன்பே கைகாக்ஸிடம் ஒரு கோட்டையும் அதன் அடியில் நிலவறைகளும் இருந்தன. ஆட்கள் கோட்டையை விட்டு வெளியே போக விரும்பியபோது ஒரு நகரம் தேவைப்பட்டது. நகரத்தை விட்டுப் போனபோது நிலம் தேவைப்பட்டது. அந்த நிலத்துக்கு அவர் வட அமெரிக்காவின் வரைபடத்தையே அடியில் வைத்துக்கொண்டார். சிகாகோ இருக்கும் பக்கத்தில் கிரேஹாக் நகரம் இருந்தது. அச்சுக்குத் தரவேண்டி வந்தபோதுதான் புதிதாக ஒரு கண்டத்தை வரைந்தார். 1980-இல் வெளிவந்த அந்த நூல் 32 பக்கம். கூடவே இரண்டு பெரிய வரைபடத் தாள்கள். ஹெக்ஸ் எனப்படும் அறுகோணக் கட்டம் ஒன்றுக்கு 30 மைல்.

அந்த 30 மைலைக் கவனியுங்கள். ஐந்தாம் பதிப்புக் கணக்கில் இயல்பான நடையில் ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது 39 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகலாம். ஒரு நாள் முழுக்க நடந்தாலும் ஒரு ஹெக்ஸைக் கடக்க முடியாத வரைபடத்தில், ஆடுபவர்களுக்கு அன்று எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இருக்காது. அரசுகள் எங்கே இருக்கின்றன என்று காட்ட அது நல்ல வரைபடம். எந்தப் பாதையில் போவது என்று தகராறு செய்ய அது உதவாது. 6 மைல் ஹெக்ஸ் வைத்தால் ஒரு நாளில் நான்கு கட்டம் நகரலாம். நான்கு முறை 'இப்போது எந்தப் பக்கம்?' என்று கேட்கலாம். தமிழில் எழுதுகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன்: காதம் என்ற பழைய அளவுக்குப் பல கணக்குகள் சொல்லப்படுகின்றன. அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு, உங்கள் நூலில் ஒரு ஹெக்ஸ் ஒரு காதம் என்று நீங்களே விதித்துவிடலாம். யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

சிறிய அளவுக்கு இரண்டு முன்மாதிரிகளைப் பாருங்கள். ஒன்று, 1981-ஆம் ஆண்டுத் தொடக்கப் பெட்டியோடு வந்த, எல்லைப்புறக் கோட்டை ஒன்றைப் பற்றிய சாகச நூல். ஒரு கோட்டை, ஒரு காட்டுப் பகுதி, அரக்கர் குடியிருக்கும் குகைகள் நிறைந்த ஒரு பள்ளம். கோட்டையில் இருப்பவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. கோட்டைத் தலைவர், காவல் அதிகாரி, பூசாரி என்று பதவிகள்தான். ஆனால் பூட்டிய பெட்டியில் யாரிடம் எத்தனை காசு இருக்கிறது என்பது வரை எழுதியிருக்கும். மற்றொன்று, 2008-இல் வந்த நான்காம் பதிப்பு. அதில் கேம் மாஸ்டருக்கான, அதாவது ஆட்டத்தை நடத்துபவருக்கான, நூலின் கடைசி அத்தியாயம் முழுவதும் ஃபால்கிரெஸ்ட் என்ற ஒரே ஊரும் அதைச் சுற்றிய நென்டிர் பள்ளத்தாக்கும்தான். பெரிய பேரரசு ஒன்று வீழ்ந்துவிட்டது, இருளுக்கு நடுவே அங்கங்கே விளக்கு எரியும் ஊர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்பது அடிப்படைக் கருத்து. இந்த ஒரு வரியே பல வேலைகளைச் செய்கிறது: ஊருக்கும் ஊருக்கும் இடையே ஏன் ஆபத்து, இடிந்த கட்டடங்களும் புதையலும் ஏன், அரசனின் படை ஏன் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைப்பதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் கிடைக்கிறது. நான்காம் பதிப்பின் சண்டை விதிகள் எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனால் அந்த அத்தியாயத்தை இன்றும் எடுத்துப் படிப்பேன்.

நீங்கள் எழுத வேண்டியது ஓர் ஊரும் அதிலிருந்து மூன்று நாள் நடையும். அதற்கு அப்பால் என்ன என்று கேட்டால், வணிகர்கள் சொல்லும் வதந்திகள் நான்கு போதும். அவற்றில் இரண்டு பொய்யாக இருக்கட்டும். இந்த விளையாட்டின் மற்றோர் உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸைப் படைத்த எட் கிரீன்வுட், தம் குறிப்புகளில் பலவற்றை எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மந்திரவாதி சொன்னதாக எழுதினார். சொன்னவன் ஒரு பாத்திரம் என்பதால், அவன் சொன்னது தவறாகவும் இருக்கலாம். கேம் மாஸ்டருக்குக் கை கட்டப்படுவதில்லை.

---

வைகறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. பென்சிலோடு படித்துப் பார்த்தேன். 31 இடங்களில் கோடு விழுந்தது. அதில் ஒன்று எனக்கே வியப்பு: என் விதியில் மந்திரம் ஓதுபவர் உப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். சண்டையில் ஒரு தடையாக இருக்கட்டும் என்று எழுதியது அது. கடலிலிருந்து தொலைவில் இருக்கும் ஊரில் மந்திரம் விலையேறும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஒரு துணைக்கேள்வி. ஏற்கெனவே இருக்கும் உலகத்தையே உடன்வரும் உலகமாக வைத்துவிட்டால் இந்த வேலையே மிச்சம் அல்லவா?

---

நான்காம் நிழல் எழுதியது:

வீட்டில் ஆடும்போது எந்த உலகத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; வெளியிடும்போது முடியாது. ஐந்தாம் பதிப்பின் 5.1 விதி ஆவணம் 2023 ஜனவரி 27 அன்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அந்த ஆவணத்தில் இருப்பவை விதிகள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், எபெரான் முதலிய உலகங்கள் அதன் மூலம் நமக்குத் தரப்படவில்லை. உங்கள் விதிகள் எதிலிருந்து வந்தவை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

எல்லோரும் சிறிய பள்ளத்தாக்குக்கு ஓட்டுப் போடுவதால், நான் மறுத்துப் பேசுகிறேன்.

'ஓர் ஊர், மூன்று நாள் நடை, வீழ்ந்த பேரரசு' என்ற சூத்திரத்தில் எழுதப்பட்ட இலவச நூல்களைக் கடந்த பத்தாண்டுகளில் எவ்வளவோ படித்துவிட்டேன். ஊரின் பெயரை மறைத்துவிட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. முரட்டுச் சத்திரக்காரர், எதையோ மறைக்கும் பூசாரி, ஊருக்கு வெளியே கோபிளின்கள் என்ற குட்டி அரக்கர்கள். சிறிதாக எழுதுவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சிறிதாக இருப்பதால் மட்டும் ஓர் உலகம் நினைவில் நின்றுவிடாது.

கிரெக் ஸ்டாஃபோர்டு 1966 முதல் குளோராந்தா என்ற உலகத்தைப் படைத்துக்கொண்டிருந்தார். 1978-இல் ரூன்குவெஸ்ட் விளையாட்டு அந்த உலகத்தின் மீது அமைந்தது. அதில் மந்திரவாதி, வீரன், திருடன் என்ற வகுப்புகள் கிடையாது. உங்கள் பாத்திரம் எந்தத் தெய்வத்தின் வழிபாட்டுக் குழுவில் சேர்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் வல்லமை வாய்ந்த மந்திரங்கள் கிடைக்கும். புயல் தெய்வமான ஆர்லாந்தைச் சேர்ந்தவனுக்கு என்ன கிடைக்கும், யாரோடு பகை, எந்த நாளில் என்ன காணிக்கை என்பதெல்லாம் விதியாகவும் இருக்கிறது, உலகமாகவும் இருக்கிறது. ஒன்றை உரித்தெடுத்தால் மற்றொன்று கிழிந்துவிடும். இப்படி ஓர் உலகத்தை மூன்று நாள் நடைக்குள் சுருக்க முடியாது. ஆனால் யாரும் அதைப் படிக்காமல் ஆட முடியாது என்பதால், உங்கள் நண்பர்கள் படிக்காமல் விட்ட 30 பக்கங்களின் கதி அதற்கு நேரவில்லை. அவர்கள் படிக்காததற்குக் காரணம் நீளம் அன்று. படிக்காவிட்டாலும் ஆட முடிந்தது.

இருபதுமுகம் சொன்ன வைரக் கணக்குக்கும் இங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2002-இல் புதிய உலகம் ஒன்றைத் தேடிப் போட்டி அறிவித்தது. 11,000-க்கு மேற்பட்ட யோசனைகள் வந்தன. முதல் கட்டத்தில் ஆளுக்கு ஒரே பக்கம். வென்றவர் கீத் பேக்கர். 2004-இல் எபெரான் வெளியானது. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: மூன்றாம் பதிப்பு விதிகளின்படி சிறிய மந்திரங்கள் இவ்வளவு எளிதாகக் கிடைக்குமானால், மக்கள் அவற்றை ஏன் தொழிலாக மாற்றியிருக்க மாட்டார்கள்? அதிலிருந்து மின்னல் இழுக்கும் ரயில் வந்தது, அணையாத தெருவிளக்கு வந்தது, செய்தி அனுப்பும் நிலையங்கள் வந்தன. வேறு எந்த உலகத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது.

உங்களிடம் உப்பு இருக்கிறது. அதை ஏன் வியப்போடு விட்டுவிடுகிறீர்கள்? உப்பு வண்டி எந்தப் பாதையில் வருகிறது, அதற்குச் சுங்கம் வாங்குபவர் யார், மழைக்காலத்தில் பாத்தி கரைந்துபோனால் மலையூர் மந்திரவாதிகள் என்ன ஆவார்கள் என்று இழுத்துக்கொண்டே போங்கள். அது எத்தனை பக்கம் வந்தாலும் வரட்டும்.

---

கல்லும் சொல்லும் எழுதியது:

கேள்வியில் இருந்த ஐந்திணை அட்டவணையை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். அது ஏன் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். ஏனென்றால் நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன்.

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் கருப்பொருளை அடுக்குவதைப் பார்த்தால், பகடை உருட்டி நிரப்புவதற்கென்றே செய்த அட்டவணை போலத்தான் இருக்கும். ஆனால் அது அகத்திணை. அதன் உரிப்பொருள் கூடல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல். தலைவியின் மனநிலையைச் சொல்லப் பிறந்த ஒரு சட்டகத்தை நாம் வாளேந்திய ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் 'என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டால் விழிக்கிறோம். நாம் எடுத்திருக்க வேண்டியது புறத்திணை.

தொல்காப்பியம் இரண்டையும் இணைத்தே வைத்திருக்கிறது. குறிஞ்சிக்குப் புறன் வெட்சி, அதாவது ஆநிரை கவர்தலும் மீட்டலும். முல்லைக்கு வஞ்சி, மண்ணாசையால் படையெடுத்தல். மருதத்துக்கு உழிஞை, கோட்டை முற்றுகை. நெய்தலுக்குத் தும்பை, நேருக்கு நேர் போர். பாலைக்கு வாகை, வெற்றி. உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் எந்த வகைச் சண்டை என்பது இங்கேயே விடையாக இருக்கிறது. மலையடிவார ஊருக்குள் பாத்திரங்கள் நுழைந்தால் மாடுகள் காணாமல் போயிருக்கும். வயலூர் என்றால் மதிலுக்குள் இருப்பதா வெளியே இருப்பதா என்பதே முதல் முடிவு. உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்விக்கு நிலமே விடை சொல்லிவிடும்.

பாலையை மட்டும் தனி ஹெக்ஸாக வரையாதீர்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அப்படியென்றால் அது ஓர் இடம் அன்று. எந்தக் காட்டு ஹெக்ஸுக்கும் நேரக்கூடிய நிலை. மூன்று மாதம் மழை இல்லையென்றாலோ, காவல் இல்லாமல் விட்டாலோ கேம் மாஸ்டர் அந்தக் கட்டத்தைப் புரட்டிவிடலாம். போன வாரம் தேன் வாங்கிய இடத்தில் இந்த வாரம் வழிப்பறி நடக்கும்.

எவ்வளவு எழுத வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த அளவுகோல் ஒரு கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில் தமிழ்ப் பிராமியில் சில சொற்களே இருக்கின்றன: கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்காக எடுத்த கல் என்பது அதன் சாரம். ஒரு பெயர், ஓர் ஊர், ஆநிரை கவரும் ஒரு சண்டை. இதைப் போல ஆறு கற்களை உங்கள் வரைபடத்தில் நட்டு வைத்தால், ஆடுபவர்களே நின்று படிப்பார்கள். 3,000 ஆண்டு வரலாற்றை யாரும் அச்சடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. திணைத் தெய்வங்களை அப்படியே கொண்டுவராதீர்கள். 1980-இல் இந்த விளையாட்டுக்காக வெளிவந்த தெய்வங்களைப் பற்றிய நூலில் இந்திரனுக்கும் விஷ்ணுவுக்கும் ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற எண்ணிக்கை, கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் யாரோ மேசையில் அது வேடிக்கையாக இருந்திருக்கலாம்; நம் மேசையில் ஒருவர் காலையில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் ஆட வருவார். மலைக்கு ஒரு தெய்வம் இருக்கிறது, அதன் பெயரை ஊரார் வெளியாரிடம் சொல்வதில்லை என்று எழுதிவிட்டால் போதும். ஆட்டத்துக்கும் அது நல்லது.

---

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன்.

மலைப்பாதை சொன்னதற்கும் பழைய பெட்டி சொன்னதற்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாகத் தோன்றியது. உலகம் முழுவதும் உப்பைச் சுற்றி நிற்கட்டும், ஆனால் நூலில் வருவது ஓர் ஆறும் அதன் கரைகளும் மட்டும் என்று முடிவு செய்தேன். கழிமுகத்தில் உப்பளம், மேலே வயலூர்கள், அதற்கும் மேலே மலை. கழிமுகத்திலிருந்து மலையடிவாரம் வரை 12 காதம். ஒரு காதம் ஒரு ஹெக்ஸ். வடக்கே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. வஞ்சியும் தும்பையும் முதல் பதிப்பில் இல்லை. மாடு திருடுவதும் மதிலுக்குள் மாட்டிக்கொள்வதுமே எங்கள் ஐவருக்கும் ஓராண்டுக்குப் போதும். விலைப்பட்டியலில் உப்பின் விலையை மட்டும் ஊருக்கு ஊர் மாற்றி எழுதினேன்: கடற்கரையில் படி ஒரு செப்புக்காசு, நடு ஆற்றில் மூன்று, மலையடிவாரத்தில் எட்டு. இந்த ஒரு வரியைப் பார்த்ததும் திருடனை ஆடுபவர் மலைக்கு உப்புக் கடத்தலாமா என்று கேட்டார். ஆட்டம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கிரீன்வுட் வழியில், குறிப்புகள் முழுவதையும் ஒரு தோணிக்காரக் கிழவி சொல்வதாக எழுதியிருக்கிறேன். அவள் மலையேறியவள் அல்லள். ஆகவே மலையைப் பற்றி அவள் சொல்வதில் பாதி தவறு. எது தவறு என்பதை நூலில் சொல்லவில்லை.

பழைய 30 பக்கங்களிலிருந்து நான்கு நடுகற்கள் தேறின. மீதியை எறிந்துவிடவில்லை, ஒரு கோப்பில் இருக்கிறது, யாருக்கும் காட்டப்போவதில்லை. உடன்வரும் உலகம் இப்போது 9 பக்கம். அதன் தொடக்கத்தை மட்டும் இங்கே இடுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

"மணற்றுறை. ஆற்றின் தென்கரை, 40 வீடுகள். இரவு தங்க வேண்டுமானால் துறைக்கு எதிரே இருக்கும் உப்புக் கிடங்கின் திண்ணை. கிடங்குக் கணக்கர் பொன்னியைக் கேட்க வேண்டும். காசு வாங்கமாட்டாள். ஆனால் நள்ளிரவில் வண்டி வந்தால் மூட்டை இறக்கக் கூப்பிடுவாள், அந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது."